காணாமலிருந்தும் அன்புகூருகிறவர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் வேதபாடப் பகுதியில் பேதுருவின் முதலாம் நிருபத்திலிருந்து ஒரு வசனத்தைத் தியானித்திருந்தோம்: “அவரை நீங்கள் காணாமலிருந்தும் அவரிடத்தில் அன்புகூருகிறீர்கள்.” சின்ன ஆசியாவில் சிதறியிருந்த விசுவாசிகளுக்கு அப்போஸ்தலன் பாராட்டாக எழுதிய இந்த வரி, நம் வாசகர்களில் பலருக்குப் பாராட்டாகப் படவில்லை, ஒரு கேள்வியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. “பேதுரு ஆண்டவரோடு நடந்தவர், அவரோடு உண்டவர், அவர் சொல்லலாம். நாங்கள் என்ன செய்வது?” என்று ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதம் பலருடைய மனத்தையும் சேர்த்துப் பேசுவதால் அதற்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

போதகர் ஐயா, என் மாமியார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். அதிகாலையில் எழுந்து அவர்களைச் சுத்தம் செய்து, துணி மாற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மறுபடியும் அவர்களிடம் போய் உட்கார்ந்தால் அன்றைய பகல் முடிந்துவிடும். இரவில் ஜெபிக்க முழங்காற்படியிட்டால் அப்படியே உறங்கிவிடுகிறேன். என் கணவரையும் பிள்ளைகளையும் நேசிக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஞாயிறு ஆராதனையில் “ஆண்டவரே, உம்மை நேசிக்கிறேன்” என்று பாடும்போது பொய் சொல்வதுபோல் நாவு கூசுகிறது. முகம் காணாத ஒருவரை உண்மையாகவே நேசிக்க முடியுமா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரிக்கு, நாவு கூசுகிறது என்று எழுதினீர்களே, அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். அன்பு என்றால் இன்னதென்று அறிந்தவருக்குத்தான் அந்தச் சொல்லை எளிதாக எடுத்து வீச மனம் வராது.

உங்கள் கேள்வியை வேதம் மறைக்கவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். “தேவனை ஒருவனும் ஒருக்காலுங் கண்டதில்லை” என்று யோவான் தமது சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுகிறார். அதே கருத்தைத் தமது முதலாம் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் எழுதுகிறார். வாக்கியத்தின் முற்பாதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், பிற்பாதிதான் வேறு. சுவிசேஷத்தில், பிதாவின் மடியிலிருக்கிற குமாரனே அவரை வெளிப்படுத்தினார் என்று முடிக்கிறார். நிருபத்தில், நாம் ஒருவரிடத்தில் ஒருவர் அன்புகூர்ந்தால் தேவன் நமக்குள் நிலைத்திருக்கிறார் என்று முடிக்கிறார். காண முடியாத தேவனை நேசிப்பதில் உள்ள சங்கடத்துக்கு யோவான் காட்டும் வழிகள் இந்த இரண்டே. இரண்டும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன என்பது என் எண்ணம்.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். உருவமும் குணமும் இல்லாத ஏதோ ஒரு பெருஞ்சக்தியை நேசிக்கும்படி யாரும் நம்மைக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் அவதிப்பட்டு, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்துவிட்டு, கூட்டத்துக்குள் ஒளிந்து வந்து வஸ்திரத்தைத் தொட்ட ஒரு பெண்ணை, அவசரமான வேலையாய்ப் போய்க்கொண்டிருந்தபோதும் நின்று, திரும்பிப் பார்த்து, “மகளே” என்று அழைத்தாரே, அவரை நேசிக்கும்படி கேட்கிறார்கள். ஒருவருடைய முகம் தெரியாவிட்டாலும் அவர் யாரிடம் எப்படி நடந்துகொண்டார் என்பது தெரிந்தால் அவர்மேல் பிரியம் உண்டாவது மனித இயல்புதான். ஆகையால், “நான் அவரை நேசிக்கிறேனா?” என்று உங்கள் உள்ளத்தைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பதைச் சில காலம் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16 அதிகாரங்கள்தான். நாளொன்றுக்கு ஒரே ஒரு சம்பவம் வாசித்தால் போதும். மாமியாரின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள். அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்தான் நாம் அவரிடத்தில் அன்புகூருகிறோம் என்று யோவான் எழுதுகிற வரிசையை மாற்றிப் போட்டுக்கொண்டால், எத்தனை ஆண்டு முயன்றாலும் களைப்புத்தான் மிஞ்சும்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். கத்தோலிக்க மக்கள் குழந்தை தெரேசா என்று பிரியமாக அழைக்கும் லிசியே நகரத் துறவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1888-இல், தமது 15-ஆம் வயதில், பிரான்சு நாட்டின் கார்மேல் மடம் ஒன்றில் சேர்ந்தவர். 24 வயதிலேயே காசநோயால் இறந்தவர். அந்த மடத்தில் சகோதரி சான் பியேர் என்ற முதிய துறவி ஒருவர் இருந்தார். தனியாக நடக்க முடியாதவர். யாராலும் எளிதில் திருப்திப்படுத்த முடியாதவர். மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவரைச் சிற்றாலயத்திலிருந்து உணவறைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைத் தெரேசா தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதலில் அவருடைய சிறு பலகையை அவர் சொல்லுகிற விதத்தில்தான் எடுக்க வேண்டும். பிறகு பின்னால் நின்று இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். ஓர் அடி வேகமாக வைத்தால், என்னை விழத் தள்ளப் பார்க்கிறாய் என்பார்; மெதுவாக நடந்தால், உன் கை என்மேல் இருப்பதே தெரியவில்லை, பிடியை விட்டுவிட்டாய் என்பார். நீ சின்னப் பெண், உனக்கு இது ஆகாது என்று முதலிலேயே சொன்னேனே என்றும் முறையிடுவார். உணவறையில் உட்காரவைத்து, அங்கியின் கைகளை அவர் விரும்புகிற மாதிரியே மடித்துவிட்டால், அன்றைய கடமை முடிந்தது. ஆனால் முடங்கிப்போன அந்தக் கைகள் ரொட்டியைத் துண்டாக்க முடியாமல் தவிப்பதைத் தெரேசா கண்டார். அதன்பின், யாரும் கேளாமலேயே ரொட்டியை நறுக்கிக் கொடுத்து, அவரைப் பார்த்து ஒரு புன்னகையும் செய்துவிட்டுத்தான் வெளியே போவார். காணாத ஆண்டவருக்குத் தாம் செய்ய விரும்பியதை அந்த முதியவருக்கே செய்ததாகப் பிற்பாடு அவரே எழுதிவைத்தார்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. பெரிய தியாகங்களில் தேவன்மேல் உள்ள அன்பு வெளிப்படும் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். கை மடிப்பதிலும் ரொட்டி நறுக்குவதிலும், படுக்கைப்புண் வந்துவிடாதபடி ஒருவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதிலும் அது இருக்கும் என்பதைத்தான் நாம் நம்புவதில்லை. மிகவும் சிறியவராகிய தம்முடைய சகோதரருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஆண்டவர் எண்ணுகிறார் என்ற வசனத்தை நீங்கள் மனப்பாடமாக அறிவீர்கள். அந்த உவமையில், செய்தவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை; “ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைக் கண்டோம்?” என்று கேட்கிறார்கள். நீங்கள் கேட்டிருப்பதும் அதே கேள்விதான்.

ஒரு எச்சரிக்கையும் இதோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பராமரிக்கும் வேலை முழுவதையும் ஒரு பெண்ணின் தலைமேல் வைத்துவிட்டு, “இதுவே உன் ஆராதனை” என்று சொல்லி மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதற்கு நான் எழுதியதை யாரும் பயன்படுத்தக் கூடாது. படுத்திருப்பவர் உங்கள் கணவரைப் பெற்ற தாய். அவரும் முறை வைத்துக்கொண்டு இரவில் எழும்ப வேண்டும். இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து உட்கார்ந்தால் நீங்கள் கொஞ்சம் உறங்கலாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ஜெபத்தில் உறங்கிப்போவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தெரேசாவும் ஜெப வேளையில் உறங்கிப்போனவர்தான். பெற்றோருக்குப் பிள்ளைகள் விழித்திருந்தாலும் உறங்கினாலும் பிரியந்தான் என்று சொல்லித் தேறினார். நீண்ட ஜெபத்துக்கு இது உங்கள் வாழ்வில் ஏற்ற காலம் இல்லை. நம் தெற்கத்திச் சபைகளில் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தப் பழக்கம் இப்போது குறைந்துவருவது எனக்கு மிகுந்த வருத்தம். அரிசியின் அளவு சிறியதுதான். ஆனால் நாள் தவறாமல், கை அரிசியில் இருக்கும்போதே மனம் ஆண்டவரிடம் போய்வந்துவிடும். நீங்களும் அரிசி களைகிற நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் அவரிடம் பேசுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரீஸ் நகர மடம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், சமையல் வேலையில் இயல்பாக விருப்பமே இல்லாதவராயிருந்தும், பாத்திரங்களின் நடுவிலும் தேவனோடு பேசப் பழகிக்கொண்டார். அவர் ஜெபித்ததெல்லாம் இப்படிப்பட்ட சிறு வாக்கியங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டையும் விடாமல் பாடுங்கள். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னதை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. நேசிக்கிறேன் என்று பாடும்போதே, நேசிக்கக் கற்றுத்தாரும் என்ற விண்ணப்பத்தையும் உள்ளுக்குள் சேர்த்துக்கொண்டால் அதில் பொய் ஏதும் இல்லை.

நான் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் இரவுப் பணி செய்கிறேன். எங்கள் வாலிபர் கூடுகையில் எல்லாரும் கண்ணீர் விட்டு ஆராதிக்கிறார்கள். தேவ பிரசன்னத்தை உணர்ந்ததாகச் சாட்சி சொல்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. முன்பு தோன்றியது, இரண்டு ஆண்டுகளாக இல்லை. என் விசுவாசம் செத்துவிட்டதா?
– ஒரு வாசகர், சென்னை

தம்பி, விசுவாசம் செத்தவர் அது செத்துவிட்டதா என்று கேட்டுக் கடிதம் எழுத மாட்டார்.

கொல்கத்தாவின் அன்னை தெரேசா 1997-இல் மறைந்தார். அவர் தம் ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. ஏறக்குறைய 50 ஆண்டுகள், சிறியதோர் இடைவெளி நீங்கலாக, தேவன் தம்மோடு இருப்பதை அவர் உணரவே இல்லை. உள்ளே இருளும் வெறுமையுமாக இருந்தது என்று எழுதியிருந்தார். அந்த இருள் அவர் தெருவோரத்தில் கிடந்தவர்களைத் தூக்கியெடுக்கத் தொடங்கிய காலத்தை ஒட்டியே ஆரம்பித்தது. சிலர் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் அவர் விசுவாசியே இல்லை என்றார்கள். எனக்கு அதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. உணர்ச்சியின் உதவி இல்லாமலேயே, ஒவ்வொரு நாளும் விடியுமுன் எழுந்து ஜெபித்து, நற்கருணையில் பங்குகொண்டு, அதன்பின் வெளியே போய் நோயாளியின் புண்ணைக் கழுவிய ஒருவருடைய அன்பைக் காட்டிலும் உறுதியான அன்பை நான் அறியேன். லிசியேயின் தெரேசாவும், மரணத்துக்கு முந்தைய ஒன்றரை ஆண்டு முழுவதும் பரலோகம் உண்டா என்ற இருளிலேயே இருந்தார்.

ஆராதனையில் கண்ணீர் வருவது தேவன் தரும் ஈவாக இருக்கலாம். வருகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இசைக்கும் விளக்கொளிக்கும் கூட்டத்தின் உற்சாகத்துக்கும் மனித மனத்தை அசைக்கும் ஆற்றல் உண்டு என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். “நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்” என்றே ஆண்டவர் சொன்னார். ஆகவே கூடுகையில் என்ன உணர்ந்தீர்கள் என்பதைவிட, மறுநாள் அலுவலகத்தில் உங்கள் பிழைக்கு இளையவர் ஒருவர் பழி சுமக்கும்போது வாய்திறந்து உண்மையைச் சொன்னீர்களா என்பதைக் கேட்டுப் பாருங்கள். சொல்லியிருந்தால், அல்லது சொல்லாமல் விட்டதற்காக உறக்கம் வராமல் புரண்டிருந்தால், அங்கே உங்கள் விசுவாசம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

அழாதவர்களை ஒருமாதிரியாகப் பார்க்கிறார்கள் என்பதற்காகக் கண்ணீரை வரவழைத்துக்கொள்ள முயல வேண்டாம். இன்னொன்றும் கேட்கிறேன். ஜெபத்தில் மட்டுமா, அல்லது சாப்பாடு, நட்பு, விளையாட்டு எல்லாவற்றிலுமே ருசி போய்விட்டதா? எல்லாவற்றிலும் போயிருந்தால், இரவுப் பணியும் தூக்கக் குறைவும் மனச்சோர்வு நோயை உண்டாக்கியிருக்கக் கூடும். அதற்கு மனநல மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. எலியா சூரைச்செடியின்கீழ்ச் சாகவேண்டுமென்று கேட்டுப் படுத்திருந்தபோது, தேவதூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டான்.

பிறருக்குச் செய்யும் சேவையே தேவ அன்பு என்றால் ஜெபமும் ஆராதனையும் எதற்கு? ஏழை மாணவர்களுக்கு மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அதுவே எனக்கு ஆலயம் என்று நினைக்கிறேன்.
– ஓர் ஆசிரியர், பாளையங்கோட்டை

உங்கள் மாலை வகுப்புக்காக முதலில் தேவனுக்கு ஸ்தோத்திரம். “தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?” என்ற வசனம் உங்கள் பக்கம் நிற்கிறது. சகோதரனை ஒதுக்கிவிட்டு, ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவருக்கு நான் சொல்லும் பதில் வேறாகவே இருக்கும்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது லூக்கா சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரம். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி எடுத்த நல்ல சமாரியனின் கதையை அங்கே ஆண்டவர் சொல்லி, நீயும் போய் அந்தப்படியே செய் என்று அனுப்புகிறார். அதை அடுத்த சம்பவமே மார்த்தாளின் வீடு. அங்கே ஓடியாடிப் பணிவிடை செய்கிறவளைப் பார்த்து, நீ அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்கிறார். பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மரியாளை மெச்சுகிறார். லூக்கா இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. முதல் கட்டளை ஒன்று இருக்கிறது, இரண்டாம் கட்டளை ஒன்று இருக்கிறது. இரண்டாவதைச் செய்தால் முதலாவது தானாக அதில் அடங்கிவிடும் என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. ஒருவருக்காக எல்லாம் செய்துவிட்டு அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பதை நம் வீடுகளில் யாரும் அன்பு என்று ஏற்றுக்கொள்வதில்லையே.

வேறொரு காரணமும் உண்டு. நன்றி மறக்கிற மாணவன், உதவியைத் தவறாகப் பயன்படுத்துகிற பெற்றோர், பத்து ஆண்டு உழைத்த பிறகும் மாறாத ஊர், இவையெல்லாம் சேவை செய்கிறவரின் உள்ளத்தை மெல்ல மெல்லக் கசப்பாக்கிவிடும். உங்கள் ஊரிலேயே செவித்திறனற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய பிளாரன்ஸ் சுவேன்சன் போன்றவர்கள், பலன் உடனே கண்ணில் படாத வேலையில் நிலைத்து நின்றார்கள். அவர்கள் முழங்காலில் நின்ற நேரங்களையும் அந்த வேலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. உங்கள் வகுப்பு தொடங்குமுன் பத்து நிமிடம் வெறும் அறையில் உட்கார்ந்து, வரப்போகும் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன என் மகன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் தங்கள் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். எனக்கு ஏற்றுவதற்கு ஒரு கல்லறை இல்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் கோபந்தான் வருகிறது. கடவுளை நேசிக்கிறேன் என்று இனி நான் சொல்ல முடியுமா? நான் கத்தோலிக்கப் பெண். உங்கள் பதிலைத் தவறாமல் படிப்பவள்.
– ஒரு தாய், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் கிராமம்

அம்மா, உங்கள் மகனைக் கடவுள் ஏன் கரைசேர்க்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நீங்கள் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. யோபுவின் துன்பத்துக்கு அவனுடைய நண்பர்கள் அழகழகான விளக்கங்கள் சொன்னார்கள். இறுதியில், தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசாதவர்கள் என்று தேவன் கடிந்துகொண்டது அந்த நண்பர்களைத்தான். முறையிட்டுக் கதறிய யோபுவை அவர் தம் தாசன் என்றே அழைத்தார்.

“கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?” இது தாவீதின் 13-ஆம் சங்கீதம். 88-ஆம் சங்கீதமோ இதைவிடக் கடுமையானது. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் நம்பிக்கையின் ஒரு வரியோடு முடியும். அது சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போன தனிமையிலேயே முடிந்துவிடுகிறது. தேவனுடைய ஜனங்கள் அதை நீக்கிவிடாமல் வேதத்தில் வைத்துக் காத்திருக்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் ஜெபிக்க வார்த்தை வேண்டுமே என்பதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். செபமாலையைக் கையில் எடுத்தபடியே கோபப்படுகிறீர்கள், அம்மா. யாரிடம் கோபம்? அவரிடம்தானே? இல்லாதவரிடம் யாரும் கோபிப்பதில்லை. தூக்கியெறிந்துவிட்டவரிடம் முறையிடுவதும் இல்லை. நேசம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்தக் கோபத்தையே நான் அடையாளமாக எடுத்துக்கொள்வேன். சிலுவையில் ஆண்டவரும் “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்றே கதறினார். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு தாய் அங்கே நின்றிருந்தார். நீங்கள் செபமாலையில் அழைப்பது அந்தத் தாயைத்தான்.

உடல் கிடைக்காத துயரம் தனித் துயரம். மகதலேனா மரியாள் கல்லறையினருகே நின்று அழுததற்கும் அதுவே காரணம்: அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், வைத்த இடம் தெரியவில்லை என்றாள். அழாதே என்று அவளை யாரும் அதட்டவில்லை. ஏன் அழுகிறாய் என்றுதான் கேட்டார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்திலும் உங்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு வாக்கியம் உண்டு: “சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது.” கல்லறையில் கிடப்பவர்களை மட்டும் தேவன் கணக்கில் வைத்திருக்கவில்லை. கடல் கொண்டவர்களையும் தனியே பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார் என்பது நம் விசுவாசம்.

ஜெபிக்க முடியாத நாட்களில் நீங்கள் ஜெபிக்க வேண்டாம். திருப்பலிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். மற்றவர்களுடைய குரல் உங்களையும் சேர்த்துச் சுமக்கட்டும். உங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தில், கடலில் போனவர்களின் பெயர்களைப் பொறித்த பொதுச் சிலுவையோ கல்லோ இல்லையென்றால், அதை அமைக்கும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள். உங்கள் கரையோரத்தில் இதே ஏக்கத்தோடு வேறு வீடுகளும் இருக்கின்றன. நவம்பர் 2-ஆம் தேதி மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

என் கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். ஐந்து வயது மகன், “இயேசப்பாவும் நம்ம அப்பா மாதிரி வெளிநாட்டிலதான் இருக்காரா? வீடியோ காலில் ஏன் வரமாட்டேங்கிறார்?” என்று கேட்கிறான். சிரித்துச் சமாளித்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– ஓர் இளம் தாய், நாசரேத்

மகன் கேட்டது நல்ல கேள்வி. சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். அப்பாவைத் தினமும் தொட முடியாவிட்டாலும் அப்பா இருக்கிறார், தன்னை நினைக்கிறார் என்று அவன் நம்புகிறான். அந்த அளவுக்கு அவன் ஒப்பிட்டது சரிதான் என்று சொல்லுங்கள். ஆனால் அப்பா தூரத்தில் இருக்கிறார், இயேசப்பா தூரத்தில் இல்லை என்ற வித்தியாசத்தையும் அன்றே சொல்லிவிடுங்கள். “நம் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் நீ மெதுவாகப் பேசினாலும் அவருக்குக் கேட்கும். அவர் எப்படிப்பட்டவர் என்று பைபிளில் எழுதியிருக்கிறது, தினமும் ஒரு கதை சொல்கிறேன்” என்றால் ஐந்து வயதுக்குப் போதும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம்; பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும், சாப்பிடாவிட்டால் இயேசப்பா அடிப்பார் என்று மட்டும் சொல்லி வளர்க்க வேண்டாம். பாட்டி, அத்தை யார் சொன்னாலும் அன்போடு தடுத்துவிடுங்கள். காணாத ஒருவரைப் பற்றிப் பிள்ளை முதன்முதலாக அறிகிற செய்தி பயமாக இருந்துவிட்டால், அதை மாற்றப் பிற்காலத்தில் பெரும்பாடு படவேண்டியிருக்கும். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளோடு இவற்றைப் பேசும்படி உபாகமம் சொல்கிறது. அதற்காகத் தனி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு அவனை அழைத்துப்போகும் வழியே போதும். இரவில் கணவர் வீடியோ காலில் வரும்போது மூவருமாகச் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுங்கள். குவைத்தில் இருக்கும் தகப்பனும் கண்ணை மூடி அதே ஜெபத்தைச் சொல்வதை மகன் பார்க்கட்டும்.